ஒரு கைப்பிடிச் சுரைக்காய்

இல்லை அக்கா, ஜன்னலோரம் எனக்கு வேண்டாம். நீங்களே உட்காருங்கள். ஜன்னலோரம் என்றால் வெளியில் நிற்கிறவர்கள் எல்லாம் பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் இந்த நுனியிலேயே இருந்துகொள்கிறேன். ஸ்டேஷன் ஸ்டாப்பில் இறங்கவும் வசதி.

ரயில்வே ஸ்டேஷன் இல்லை. போலீஸ் ஸ்டேஷன்.

அப்படிப் பார்க்காதீர்கள். என்மேல் ஒன்றும் இல்லை. நான் புகார் கொடுக்கப் போகிறவள். என் வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைந்து, என் பிள்ளையின் சாப்பாட்டைத் தட்டிவிட்ட ஒரு அம்மாமேல். மனு இதோ, இந்தப் பைக்குள் இருக்கிறது. நான் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும், மனு பதிவாகிவிடும். பதிவானதும், அந்தம்மா வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் அவரைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அவரும் அதற்குத்தான் காத்திருக்கிறார். அறுபத்திரண்டு வயதில் எங்கே போவார் என்று மட்டும் கேட்காதீர்கள். அது என் பாடு இல்லை.

எங்கள் வீடு பைபாஸுக்கு அந்தப் பக்கம், தெரசா நகரில். என் வீட்டுக்காரருக்குக் குஜராத்தில் காற்றாலையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், எட்டு நாள் இருப்பார். மற்ற நாளெல்லாம் நானும் பாப்பாவும்தான். ஒன்பது மாதம் ஆகிறது இவளுக்கு. குடிதண்ணீரை நான் மூன்று தடவை காய்ச்சுவேன். தெருவில் புதிதாக ஒரு பைக் வந்து நின்றால் நம்பரை எழுதி வைத்துக்கொள்வேன். சந்தேகப் பிராணி என்று என் நாத்தனார் சொல்வாள். பிள்ளையைத் தனியாக வைத்திருந்து பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

சுரைக்காய்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கொல்லையில் நாலு விதை ஊன்றினேன். அரிசி களைந்த தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் ஊற்றவில்லை. அது என்னடாவென்றால் சன்ஷேடில் ஏறி, மொட்டை மாடிக்குப் போய், அங்கேயிருந்து முன்வாசலுக்கே இறங்கி வந்துவிட்டது. கேட்டைத் திறந்தால் தலையில் இடிக்கிற மாதிரி காய். தினமும் நாலு, ஐந்து. நான் ஒருத்தி எத்தனை நாளைக்குச் சுரைக்காய் தின்பது?

முதலில் சும்மாதான் கொடுத்தேன். கொடுத்தால் ஒரு மாதிரி பார்த்தார்கள் அக்கா. பூச்சியா, முற்றலா, இவள் ஏன் கொடுக்கிறாள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு மேனகாதான் யோசனை சொன்னாள், நகர்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போடு, கடை விலையில் பாதி என்று போடு என்று. போட்டேன். அதன்பின் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் கேட்டுக்கு வெளியே நாலு பேர் பையோடு நிற்பார்கள். சந்தேகம் எனக்குத்தான் வந்தது. காய் வாங்க வருகிறவர்கள் காயை மட்டுமா பார்க்கிறார்கள்? கொடியில் எத்தனை தொங்குகிறது என்று எண்ணுவார்கள். கதவிடுக்கு வழியாக உள்ளே பார்ப்பார்கள். நான் கான்வென்டில் சிஸ்டர்களிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள், கண் திருஷ்டியில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கொடியில் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை இருக்கும் இல்லையா, அதற்காக.

அந்தம்மா பெயர் சூசையம்மாள். எதிர் வரிசையில் கடைசி வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருஷம் சமைத்தாராம், ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி என்று வந்ததில்லையாம். அதை நாமாகக் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

தினமும் வருவார். தினமும் ஒரு காய். ஒற்றை ஆளுக்கு ஒரு சுரைக்காய் மூன்று நாளைக்கு வரும். தினமும் எதற்கு? நான் யோசிக்க மாட்டேனா? ஒரு நாள் மாடியில் நின்று பார்த்தேன். இங்கே வாங்கிய காயைத் தெருக்கோடி இஸ்திரிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரிடம் விசாரித்தேன். காசு வாங்கவில்லையாம். அது இன்னும் மோசம் இல்லையா? தனக்கு வேண்டாத காயை வாங்க ஒருத்தர் ஏன் என் வாசலுக்குத் தினமும் வர வேண்டும்?

வந்தால் காயை வாங்கினோமா போனோமா என்று கிடையாது. "என்ன கண்ணு, ராத்திரி தூங்குனியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. காலைல என்ன சாப்ட்ட?" இதே பேச்சுத்தான். காய் வாங்க வந்தவருக்கு என் தூக்கம் எதற்கு? பாப்பாவுக்கு என்ன ஊட்டுகிறாய், வயிற்றுக்குப் போகிறதா, அழுதால் யாரையாவது கூப்பிடு, நான் முழித்துத்தான் இருப்பேன். முழித்திருந்து என்ன செய்கிறாராம்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் அக்கா. பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. காயை வாங்கியதும் காம்புப் பக்கம் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவார். ஒரு துணுக்கு எடுத்து நாக்கில் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். அப்புறம், "ம், நல்ல காய்." தன் காயை மட்டும் இல்லை, மற்றவர்கள் வாங்கியதையும்! "இங்க கொடு பாப்பம்" என்று மேனகா கையிலிருந்து வாங்கி, எங்கள் தெரு டீச்சர் கையிலிருந்து வாங்கி, நாலு பேர் நடுவில், என் வாசலில் நின்றுகொண்டு. சுரைக்காயில் கசப்பு இருந்தால் அது விஷமாம், சமைத்தாலும் போகாதாம், யாராவது ஒருத்தர் நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லதாம்.

எனக்கு எப்படி இருக்கும்? என் கையால் வளர்த்த காய். மருந்து தெளிக்காத காய். அதை ஒருத்தர் தினமும் விஷமா இல்லையா என்று சோதித்தால்? மேனகாவே கேட்டாள், "உன் பொருள்மேல அந்தம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையா பிரமிளா?" என்று. அதற்குப் பிறகு நான் முடிவு பண்ணிவிட்டேன். அடுத்த நாள் அந்தம்மா வந்தபோது, காய் இல்லை என்றேன்.

தலைக்கு மேலேயே ஆறு காய் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "சரி கண்ணு" என்றார். போய்விட்டார். அந்தச் "சரி"யில் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு முழுதும் யோசித்தேன்.

அப்புறம் வந்து கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் தன் வாசலில் நாற்காலி போட்டு இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

இதற்குள் பழைய கொடி ஓய்ந்துவிட்டது. இலையெல்லாம் மஞ்சள். ஆனால் பாருங்கள், குளியலறைக்குப் பின்னால், காய்கறித் தோலெல்லாம் கொட்டுகிற குழியில், தானாகவே ஒன்று முளைத்திருந்தது. நான் விதைக்கவில்லை, தண்ணீர் காட்டவில்லை. முதல் கொடியைவிட வீம்பாக வளர்ந்து, இடிந்த மதில் மேலே படர்ந்து, மூன்று காய் விட்டது. பச்சைப்பசேல் என்று மூன்று காய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். போன வியாழக்கிழமை காலையில் மூன்றையும் அறுத்தேன். ஒன்று மேனகாவுக்கு, ஒன்று டீச்சருக்கு. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பாசிப்பருப்பும் அரிசியும் போட்டு, சுரைக்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, குக்கரில் குழைய வைத்து, நெய் விட்டு மசித்தேன். பாப்பாவுக்கு அது பழக்கம்தான். மூன்று மாதமாகக் கொடுக்கிறேன்.

அன்றைக்கு முதல் வாய் வைத்ததும் முகத்தைக் கோணிக்கொண்டு துப்பிவிட்டாள். பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் படுத்துவாள் என்று இரண்டாவது வாய் வைத்தேன். துப்பிவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது. தினமும் உட்கார்ந்து பார்க்கிறாரே, பிள்ளை எப்படித் தின்னும்? உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தடவை சுற்றி அடுப்பில் போட்டேன். சுற்றினால் என்ன குறைந்துவிடப் போகிறது? மறுபடியும் கிண்ணத்தை எடுத்தேன். என் மாமியார் சொல்வார், அடம் பிடித்தால் மூக்கை லேசாகப் பிடித்துக்கொள், வாய் தானாகத் திறக்கும், உள்ளே போய்விடும் என்று. அதைத்தான் செய்யப் போனேன்.

அப்போதுதான் கேட்டைப் போட்டு அடிக்கிற சத்தம்.

எட்டிப் பார்த்தேன், அந்தம்மா. தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது, செருப்பு இல்லை. "புள்ளைக்குக் குடுத்துட்டியா, குடுத்துட்டியா" என்று கேட்டுக்கொண்டே அடிக்கிறார். காய் கொடுக்காததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் பார்த்தால் கொல்லைக் கதவு வழியாக வந்து நிற்கிறார். இடிந்த மதிலில் ஏறி, கொடியை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். முழங்காலில் ரத்தம். வந்த வேகத்தில் என் கையிலிருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சுவரெல்லாம் சோறு. ஒரு பிள்ளையின் சாப்பாட்டைத் தட்டிவிடுவதைவிடப் பாவம் இருக்கிறதா அக்கா? நீங்களே சொல்லுங்கள்.

புதுக் கொடிக் காய் என்று மேனகா வீட்டில் அந்தம்மாவிடம் சொன்னார்களாம். வாங்கி நாக்கில் வைத்தாராம், வேப்பெண்ணெய் மாதிரி கசந்ததாம். டீச்சர் வீட்டுக்கும் ஓடிப்போய் அங்கேயும் பார்த்தாராம். இரண்டு காயையும் உடைத்துச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தாராம். மேனகா இன்றைக்கு வரைக்கும் சொல்கிறாள், இரண்டு கிலோ காய், தளதளவென்று இருந்தது, அதைப் போய் இப்படிப் பண்ணிவிட்டதே என்று. மேனகா நாக்கில் வைத்துப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

"விதைச்சது வேற, தானா மொளச்சது வேற கண்ணு. காட்டுல கசப்பா காய்க்கிற பேய்ச்சுரையோட கலந்திருக்கும். நம்பலன்னா நீயே ஒரு துளி நாக்குல வெச்சுப் பாரு" என்றார்.

நான் வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? அந்தம்மாவே ஏதாவது தூவியிருந்தால்? கொல்லைப்புறமாக வரத் தெரிந்தவர் அதற்கு முன்னால் வரவில்லை என்று என்ன நிச்சயம்? நான் பால் கொடுக்கிறவள். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? கோபத்தில் இன்னொரு கிண்ணத்தை எடுத்துக் குக்கரில் மிச்சம் இருந்ததைப் போட்டேன். உங்கள் எதிரிலேயே ஊட்டுகிறேன், என்ன ஆகிறது பாருங்கள் என்றேன்.

என்ன?

இல்லை அக்கா. அது அப்படி இல்லை. நான் வாயில் வைக்கப் பயந்ததைப் பிள்ளைக்கு... அப்படிச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அது வேறு, இது வேறு. அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தம்மா என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. "சரி, ஊட்டு. ஆனா நான் மொதல்ல தின்னுக்கறேன். அரை மணி நேரம் பொறு. எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா ஊட்டு, நான் உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானாம். பிள்ளைகளுக்குப் போடுகிற அதே சோற்றில் சமைத்தவர் முதலில் ஒரு கைப்பிடி தின்ன வேண்டும். துப்பக் கூடாது, விழுங்க வேண்டும். அரை மணி கழித்துத்தான் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

சொல்லிவிட்டு என் கையிலிருந்த கிண்ணத்தில் கையை விட்டார். சின்னக் கைப்பிடி இல்லை. வாயில் போட்டார், மென்றார், விழுங்கினார். முகம் சுளிக்கவே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். வேப்பெண்ணெய் மாதிரி கசக்கிறது என்றால் முகம் கோணாமல் ஒருவர் எப்படி விழுங்குவார்? பாப்பாகூடக் கோணினாளே.

பதினொன்று நாற்பது. சமையலறைத் தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றேன். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நூற்று நாற்பது பிள்ளைகள், முட்டை போடுகிற நாளில் வரிசை எப்படி முட்டி மோதும், சனிக்கிழமை பிள்ளைகள் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று. பன்னிரண்டு ஆவதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பேச்சு நின்றது. அப்புறம் அப்படியே பக்கத்தில் சாய்ந்து வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார், "இன்னும் அரை மணி ஆகல. ஊட்டிராத."

வாந்தி எடுத்தால் என்ன, விரலை விட்டால் யாருக்கும் வாந்தி வரும் என்று மேனகா சொல்கிறாள். விரலை விட்டதை நான் பார்க்கவில்லை. கடைசியில் வந்ததில் ரத்தம் இருந்தது. தரையைத் துடைத்தது நான்தான்.

மேனகா வீட்டுக் காரில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்றோடு நாலு நாள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறதாம், ரத்த அழுத்தம் ஏறவே மாட்டேன் என்கிறதாம். அங்கே டாக்டர் கேட்டிருக்கிறார், என்ன சாப்பிட்டீர்கள், யார் கொடுத்தது என்று. அந்தம்மா என்ன சொன்னாராம் தெரியுமா? தன் வீட்டில் மீந்துபோன குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டாராம்.

ஏன் அப்படிச் சொன்னார்? என் பெயரை ஏன் சொல்லவில்லை? மேனகா வீட்டுக்காரர்தான் எங்கள் நகர்ச் சங்கத்துக்குச் செயலாளர், சிவப்பிரகாசம் என்று. அவர் விளக்கினார். இன்றைக்கு இப்படிச் சொல்வார், நாளைக்கு உடம்பு தேறியதும் மாற்றிச் சொல்வார், விற்ற காயில் விஷம் என்று வந்தால் நீதான் கம்பி எண்ண வேண்டும், அதனால் நீ முந்திக்கொள் என்று. அவரே மனு எழுதிக் கொடுத்தார். பிழை நிறைய இருந்தது, நான் திருத்தி, என் கையெழுத்தில் வேறு பிரதி எடுத்தேன். அத்துமீறி நுழைந்து, குழந்தையின் உணவைப் பறித்து, தாயை மிரட்டி என்று எல்லாம் இருக்கிறது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. சுரைக்காய் என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. அது வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். குக்கரில் இருந்ததையும் அன்றைக்கே கொட்டிக் கழுவிவிட்டேன், அதற்கும் சபாஷ் என்றார்.

நான் தூங்கி நாலு நாள் ஆகிறது அக்கா. கண்ணை மூடினால் அந்தக் கிண்ணம் வருகிறது. அந்தம்மா அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்று ஒரு யோசனை ஆரம்பிக்கும். அதை முடிய விடாமல் எழுந்து, பாப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பேன். வரும். திரும்பப் படுப்பேன். திரும்ப ஆரம்பிக்கும்.

நீங்கள் பிள்ளையையே பார்க்கிறீர்கள். சொல்ல வருவது எனக்குத் தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தம்மா மேல் தப்பு இல்லை என்றால், அப்புறம் யார் மேல்? கிண்ணம் யார் கையில் இருந்தது? மூக்கைப் பிடிக்கப் போன விரல் யாருடையது? இரண்டு பேரில் ஒருத்தர் இவள் உயிருக்கு எமனாக வந்தவர் என்றால் அது அந்தம்மாவாகவே இருக்கட்டும். நான் என்று எப்படி எழுதுவது? எந்தத் தாயால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியும்?

கண்டக்டர் என்னைத்தான் பார்க்கிறார். ஸ்டேஷன் ஸ்டாப் வந்துவிட்டது போல.

இல்லை, நீங்கள் பையை எடுத்துத் தர வேண்டாம். பாப்பா இப்போதுதான் அசந்திருக்கிறாள். நான் எழுந்தால் முழித்துக்கொள்வாள். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் எப்படி நிற்பது? அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தால் போகிறது. மனு எங்கே ஓடிவிடப் போகிறது.

அடுத்தது பெரிய ஆஸ்பத்திரிதானே?

வேறு ஒன்றும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நடிக்கிறாரா இல்லையா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டால் எனக்கும் தெளிவாகிவிடும். தூரத்தில் நின்று பார்த்தாலே போதும். பேசக்கூட வேண்டாம். பெண்கள் வார்டு எந்த மாடி என்று தெரியுமா உங்களுக்கு? கைப்பிள்ளையை உள்ளே விட மாட்டார்களாமே. தொற்று வந்துவிடும் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம்.

பத்து நிமிஷம்தான் ஆகும், அதுவரைக்கும் இவள் மடியில் அசந்து தூங்குவாள். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் அக்கா?